ஒரு பெயர் போய்ச் சேரும் இடம்: க்ளோஷரும் டெலிகேட்டும்

க்ளோஷர் என்பது கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய நிரல் துண்டு. அது ஓரிடத்தில் எழுதப்படுகிறது. எண்ணையோ சொல்லையோ போல ஒரு வேரியபிளில் வைக்கப்படுகிறது. வேறொரு மெத்தடிடம் ஒப்படைக்கப்படுகிறது. பிறகு, எழுதிய இடத்தோடு தொடர்பே இல்லாத சூழலில் இயங்குகிறது. எழுதும் இடமும் இயங்கும் இடமும் வேறு வேறாக இருப்பதுதான் அதன் பயன். ஒரு சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. அந்தத் துண்டுக்குள் ‘விலை 60’ என்று ஒரு மெத்தட் அழைக்கப்படுகிறது என்று கொள்வோம். யாருடைய ‘விலை’ என்று அந்த வரியில் இல்லை. எந்த ஆப்ஜெக்டிடம் போய் அந்த மெத்தடைத் தேடுவது?

ஒரு வீட்டில் எழுதிய சீட்டில் ‘பெரியப்பாவிடம் கொடுத்துவிடவும்’ என்று இருக்கிறது. சீட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறது, அங்கே படிக்கப்படுகிறது. எழுதியவரின் பெரியப்பாவிடம் கொடுப்பதா, படிக்கிற வீட்டின் பெரியப்பாவிடமா? நிரல் மொழிகள் இதற்குத் தந்த முதல் பதில் தெளிவானது: எழுதியவரின் பெரியப்பாதான். பிரிட்டிஷ் கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1964-ல் க்ளோஷர் என்ற பெயரை வைத்தபோதே, ஒரு கோவையையும் அது எழுதப்பட்ட சூழலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் என்றுதான் அதை வரையறுத்தார். 1975-ல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் மொழி இந்தக் கொள்கையைத் தன் அடித்தளமாகவே வைத்துக்கொண்டது. க்ளோஷருக்குள் வரும் பெயர்களின் பொருளை அது எழுதப்பட்ட இடமே முடிவு செய்யும். எங்கே கொண்டுபோய் இயக்கினாலும் மாறாது.

பெரும்பாலான வேலைகளுக்கு இந்தப் பதில் போதும். ஆனால் டைனமிக் மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு ஆசை இருந்தது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே அமைந்த சிறுமொழியை, பெரிய மொழிக்குள்ளேயே வடித்துவிட வேண்டும் என்பது அந்த ஆசை. மென்பொருளைத் தொகுக்கும் விதிகள், இணையதளத்தின் முகவரி அமைப்பு, சோதனைகள், அறிக்கைகள் ஆகியவற்றை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஆப்ஜெக்டின் பெயரையும் புள்ளியையும் போட்டுக்கொண்டிருப்பது சலிப்பு. வரிகள் படிவத்தை நிரப்புவதுபோல இருந்தால் படிக்கவும் திருத்தவும் எளிது. அதற்கு, க்ளோஷரை வாங்கிக்கொள்கிறவர் அதற்குள் இருக்கும் பெயர்களுக்குப் பொருள் தர வழி வேண்டும். எழுதிய இடத்தின் பிடியும் முற்றாகப் போய்விடக் கூடாது.

இந்த இரண்டையும் ஒரே க்ளோஷருக்குள் வெளிப்படையாக வைத்த மொழி க்ரூவி. ஜாவா இயங்கும் அதே மெய்நிகர் இயந்திரத்தில் இயங்கும் மொழி இது. ஜேம்ஸ் ஸ்ட்ராக்கன் 2003-ல் அறிவித்தார், 1.0 பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. 2015-லிருந்து அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளைத் தொகுக்கும் கிரேடில் கருவியின் கோப்புகளும், மென்பொருளைத் தானாகத் தொகுத்துச் சோதித்து வெளியிடும் ஜென்கின்ஸ் கருவியின் கோப்புகளும் பல ஆண்டுகளாக இம்மொழியில் எழுதப்பட்டு வருகின்றன. அந்தக் கோப்புகளைத் தொடுகிறவர்களில் பலர் தாங்கள் எழுதுவது க்ரூவி என்றே அறியாமல் எழுதுகிறார்கள். அந்த அளவுக்கு அவை நிரல்போல் தோன்றுவதில்லை.

க்ரூவியில் பெயர்களை ஜாவாவில் போலவே யூனிகோட் எழுத்துகளில் வைக்கலாம். ஆகவே கீழே உள்ளது கற்பனை மொழி அல்ல, ஓடக்கூடிய க்ரூவி நிரல்:

விலைப்பட்டியல் {
    வாடிக்கையாளர் "கண்ணன்"
    பொருள் {
        பெயர் "நோட்டுப் புத்தகம்"
        விலை 60
        எண்ணிக்கை 5
    }
}

முதல் வரியில் ‘விலைப்பட்டியல்’ என்பது ஒரு மெத்தட். நெளிவு அடைப்புக்குறிக்குள் இருப்பது முழுவதும் அதற்குத் தரப்படும் ஒரே உள்ளீடு, அதுதான் க்ளோஷர். க்ரூவி, மெத்தட் அழைப்பில் வட்ட அடைப்புக்குறியை விட்டுவிட அனுமதிக்கிறது. அதனால் ‘விலை 60’ என்பதும் 60-ஐ உள்ளீடாகக் கொண்ட ஒரு மெத்தட் அழைப்புதான். ஆனால் இந்தக் கோப்பில் எங்கும் ‘விலை’ என்ற மெத்தட் வரையறுக்கப்படவில்லை. அது பொருளைக் குறிக்கும் ஒரு கிளாஸில், வேறு கோப்பில், ஒருவேளை வேறொருவர் எழுதிய நூலகத்தில் இருக்கிறது. எழுதிய இடம் மட்டுமே பெயருக்குப் பொருள் தரும் என்றால் இந்த வரி பிழையாகத்தான் முடியும். அது சரியாக ஓடுவதற்குக் காரணம் டெலிகேட்.

க்ரூவியில் ஒவ்வொரு க்ளோஷரும் மூன்று ஆப்ஜெக்டுகளைச் சுட்டிக்கொண்டு பிறக்கிறது. முதலாவது ‘திஸ்’: க்ளோஷர் எந்தக் கிளாஸின் உள்ளே எழுதப்பட்டதோ, அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட். இரண்டாவது ‘ஓனர்’: க்ளோஷரை நேரடியாகச் சுற்றியிருப்பது. க்ளோஷர் கிளாஸுக்குள் நேராக எழுதப்பட்டிருந்தால் ஓனரும் திஸ்ஸும் ஒன்றுதான். ஒரு க்ளோஷருக்குள் இன்னொன்று இருந்தால், உள்ளே இருப்பதன் ஓனர் வெளியே இருக்கும் க்ளோஷர். மேலே உள்ள நிரலில் ‘பொருள்’ க்ளோஷரின் ஓனர் ‘விலைப்பட்டியல்’ க்ளோஷர். அதன் ஓனர் இந்தக் கோப்பாகிய ஸ்கிரிப்ட். திஸ் மட்டும் இரண்டுக்குமே ஸ்கிரிப்ட்தான். மூன்றாவது டெலிகேட். திஸ்ஸும் ஓனரும் பிறப்பிலேயே நிலைத்துவிடுபவை. நிரல் வழியாக அவற்றுக்குப் புது மதிப்பு கொடுக்க முடியாது. டெலிகேட் தொடக்கத்தில் ஓனரையே சுட்டுகிறது, ஆனால் க்ளோஷரைக் கையில் வைத்திருக்கும் எவரும் அதை மாற்றலாம். எழுதியவர் பக்கம் ஓனர், வாங்கிக்கொண்டவர் பக்கம் டெலிகேட்: இரு தரப்புக்கும் ஆளுக்கொரு இடம்.

இந்த எண்ணத்துக்கு க்ரூவியைவிட வயது அதிகம். ஒரு ஆப்ஜெக்ட் தன்னால் பதில் சொல்ல முடியாத அழைப்பை இன்னொன்றிடம் ஒப்படைப்பதை ஹென்றி லீபர்மன் 1986-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை டெலிகேஷன் என்ற பெயரில் விளக்கியது. டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் வடிவமைத்த செல்ஃப் மொழி அதன் மேலேயே எழுந்தது. க்ரூவி அந்த ஒப்படைப்பை ஆப்ஜெக்டிலிருந்து எடுத்து க்ளோஷரிடம் வைத்தது.

எந்தப் பெயர்கள் இந்தத் தேடலுக்கு உட்படுகின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். க்ளோஷருக்கு வெளியே, அதே மெத்தடில் அறிவிக்கப்பட்ட உள்ளூர் வேரியபிள்கள் இதில் சேர்வதில்லை. கம்பைலர் அவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே அடையாளம் கண்டு க்ளோஷருக்குள் கட்டிவைத்துவிடுகிறது. டெலிகேட்டை எதுவாக மாற்றினாலும் அவை அசையாது. புள்ளிக்கு முன்னால் ஆப்ஜெக்டின் பெயர் எழுதப்பட்ட அழைப்புகளுக்கும் தேடல் தேவையில்லை. மிஞ்சுவது உரியவர் யார் என்று சொல்லாமல் விடப்பட்ட மெத்தட் அழைப்புகளும், உள்ளூரில் அறிவிக்கப்படாத பண்புப் பெயர்களும்தான்.

அப்படி ஒரு மெத்தட் அழைப்பு வரும்போது முதலில் பார்க்கப்படுவது ஓனரும் இல்லை, டெலிகேட்டும் இல்லை, க்ளோஷரேதான். க்ளோஷர் என்பதே க்ரூவியில் ஒரு ஆப்ஜெக்ட்; அதற்கென்று ‘கால்’, ‘க்ளோன்’, ‘ரன்’ முதலிய மெத்தட்கள் இருக்கின்றன. உள்ளீடுகளும் பொருந்திவிட்டால் அவையே இயங்கும். சிறுமொழி வடிப்பவர் தன் ஆப்ஜெக்டில், உள்ளீடு எதுவும் இல்லாத ‘ரன்’ என்ற மெத்தடை வைத்தால், க்ளோஷருக்குள்ளிருந்து அந்தப் பெயரை மட்டும் எழுதி அதை எட்ட முடியாது. பண்புகளிலும் இப்படித்தான்: ‘ஓனர்’ என்ற பண்பு தன் ஆப்ஜெக்டில் இருக்கிறதே என்று அதை க்ளோஷருக்குள் படித்தால், கிடைப்பது க்ளோஷரின் ஓனர். வீடு, வாகனம், நாய்க்குட்டி என்று உரிமையாளர் உள்ள எதைப் பற்றிச் சிறுமொழி வடித்தாலும் இந்தப் பெயரைத் தவிர்ப்பது நல்லது.

க்ளோஷரிடம் இல்லையென்றால் தேடல் வெளியே போகிறது. வழக்கமான வரிசையில் ஓனர் முன்னால், டெலிகேட் பின்னால். இருவரிடமும் அந்தப் பெயரில் வரையறுக்கப்பட்ட மெத்தட் இல்லாவிட்டாலும் ஆட்டம் முடிவதில்லை. டைனமிக் ஆப்ஜெக்டுகள், தங்களிடம் இல்லாத மெத்தடை யாராவது அழைத்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘மெத்தட் மிஸ்ஸிங்’ போன்ற கொக்கிகளை வைத்திருக்கலாம். அதே வரிசையில் அந்தக் கொக்கிகளும் முயன்று பார்க்கப்படுகின்றன. அவையும் கைவிரித்த பிறகே, மெத்தட் இல்லை என்ற பிழை எழுகிறது.

ஓனருக்கு முதலிடம் என்ற வழக்கத்தை க்ளோஷருக்கு க்ளோஷர் மாற்றிக்கொள்ளலாம். ‘ரிசால்வ் ஸ்ட்ராட்டஜி’ என்ற பண்பு அதற்காகவே இருக்கிறது. டெலிகேட் முதலில், ஓனர் அடுத்து என்று வரிசையைத் திருப்பலாம். ஓனர் மட்டும் அல்லது டெலிகேட் மட்டும் என்று ஒரு கதவைச் சாத்தியும்விடலாம். இரண்டையுமே விட்டுவிட்டு க்ளோஷர் ஆப்ஜெக்டோடு நிறுத்திக்கொள்ளும் ஐந்தாவது வகையும் உண்டு. க்ளோஷர் கிளாஸையே நீட்டித்துத் தனி வகை செய்பவர்களுக்கானது அது, அன்றாடத்தில் தேவைப்படாது.

இப்போது விலைப்பட்டியலுக்குத் திரும்பலாம். ‘விலைப்பட்டியல்’ மெத்தடின் உள்ளே நடப்பது நான்கே காரியங்கள். ஒரு புதிய பட்டியல் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. வந்த க்ளோஷரின் டெலிகேட்டாக அதை வைக்கிறது. டெலிகேட்டுக்கு முதலிடம் என்று தேடல் வரிசையை மாற்றுகிறது. பிறகு க்ளோஷரை இயக்குகிறது. ‘வாடிக்கையாளர்’ என்ற வரி வந்ததும் தேடல் பட்டியல் ஆப்ஜெக்டிடம் போகிறது. மெத்தட் அங்கே இருக்கிறது, பெயர் பதிவாகிறது. ‘பொருள்’ என்பதும் பட்டியலின் மெத்தட்தான். அது தன் பங்குக்கு ஒரு பொருள் ஆப்ஜெக்டை உருவாக்கி, உள்ளே உள்ள க்ளோஷருக்கு அதை டெலிகேட்டாக வைத்து, அதற்கே முதலிடமும் தந்து இயக்குகிறது. ‘பெயர்’, ‘விலை’, ‘எண்ணிக்கை’ மூன்றும் அந்தப் பொருளைச் சேர்கின்றன. அடுக்கடுக்காக எழுதும்போது ஒவ்வோர் அடுக்கிலும் பெயர்களின் பொருள் தானாக மாறிக்கொண்டே போகும் இந்த அமைப்பைத்தான் கிரேடில் தன் கோப்புகள் முழுவதும் கையாளுகிறது.

பட்டியலில் ‘குறிப்பு’ என்று ஒரு மெத்தட் இருக்கிறது, பொருளில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் இது தெரியாமல், நோட்டுப் புத்தகத்துக்கான குறிப்பு என்று எண்ணிப் பொருளின் அடைப்புக்குறிக்குள் ‘குறிப்பு "கோடு போடாதது"’ என்று எழுதுகிறார். தேடல் முதலில் பொருள் ஆப்ஜெக்டிடம் போகிறது, இல்லை. அடுத்தது ஓனர். ஓனர் வெளி க்ளோஷர். அதுவும் தன் வரிசைப்படி தேடத் தொடங்குகிறது. அதன் டெலிகேட் பட்டியல் ஆப்ஜெக்ட். அங்கே ‘குறிப்பு’ இருக்கிறது. மெத்தட் கிடைத்துவிட்டது, நிரல் பிழையின்றி ஓடி முடிகிறது. குறிப்பு மட்டும் முழுப் பட்டியலின் தலையில் ஏறியிருக்கிறது. அடுத்து இன்னொரு பொருளிலும் இப்படி எழுதினால், குறிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் பட்டியலில் முந்தையது அழிந்துபோகும். எச்சரிக்கை எதுவும் வராது. கிரேடில் கோப்புகளில் ஒரு பகுதிக்குள் தவறி எழுதப்பட்ட இன்னொரு பகுதி, முழுத் திட்டத்துக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளப்பட்டு அமைதியாக வேலை செய்வது இதே காரணத்தால்தான்.

உள் க்ளோஷருக்கு டெலிகேட் மட்டும் என்ற முறையை வைத்திருந்தால் அந்த வரியிலேயே பிழை எழுந்து தவறு தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஸ்கிரிப்டில் எழுதி வைத்த உதவி மெத்தட்களை, வரி கணக்கிடும் ஒரு சிறு மெத்தடைக்கூட, அந்த க்ளோஷருக்குள்ளிருந்து பெயரை மட்டும் எழுதி அழைக்க முடியாமல் போகும். எழுதிய இடத்திலிருந்து அப்படி எட்டுபவை உள்ளூர் வேரியபிள்கள் மட்டுமே. தரவை நிரப்ப மட்டுமே பயன்படும் சிறுமொழிக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தும்; கணக்குகளும் நிபந்தனைகளும் கலந்துவரும் கோப்புக்குப் பொருந்தாது.

பண்புகளுக்கு மதிப்பு இடும்போது இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. க்ரூவி ஸ்கிரிப்ட்களைத் திருத்துகிறவர்களுக்கு உண்மையில் அதிகம் தலைவலி தருவது இதுதான். ‘விலை 60’ என்பதற்குப் பதிலாக, ‘விலை = 60’ என்று பண்பாக எழுதும் சிறுமொழி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டெலிகேட்டில் ‘விலை’ என்ற பண்பு இருக்கிறது. தேடல் வரிசையை யாரும் மாற்றவில்லை, ஆகவே ஓனருக்கு முதலிடம். ஓனர் ஒரு ஸ்கிரிப்ட். அதில் ‘விலை’ என்று எதுவும் இல்லை, எனவே டெலிகேட்டுக்குப் போய்விடும் என்றுதான் தோன்றும். படிக்கும்போது அப்படியே நடக்கிறது: ஸ்கிரிப்ட் தன்னிடம் இல்லை என்கிறது, தேடல் டெலிகேட்டைச் சேர்கிறது. எழுதும்போது நடப்பது வேறு. க்ரூவி ஸ்கிரிப்ட் எந்தப் பெயருக்கும் மதிப்பை ஏற்றுக்கொள்ளும். தன்னோடு இணைந்த பெயர் அட்டவணையில் புதிதாக ஓர் இடம் திறந்து பதிந்துகொள்ளும். மறுக்காததால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. 60 ஸ்கிரிப்டிடம் போய்ச் சேர்கிறது, பொருள் ஆப்ஜெக்டில் விலை வெறுமையாகவே கிடக்கிறது. இதற்குப் பிறகு க்ளோஷருக்குள் ‘விலை’யைப் படித்துப் பார்த்தாலோ 60 என்றே வரும், ஏனென்றால் இப்போது ஸ்கிரிப்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. தவறு நடந்த இடத்திலேயே சோதித்தாலும் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இதன் மறுபக்கத்தை ஜென்கின்ஸ் பயனர்களிடையே பரவலாக உள்ள ஒரு வழக்கத்தில் பார்க்கலாம். பகிரப்படும் நூலக மெத்தட் ஒன்று, அமைப்புகளை க்ளோஷராக வாங்கி, ஒரு வெற்று மேப்பை அதன் டெலிகேட்டாக வைத்து, டெலிகேட்டுக்கு முதலிடம் கொடுத்து இயக்குகிறது. உள்ளே எழுதும் ஒவ்வொரு ‘பெயர் = மதிப்பு’ வரியும் மேப்பில் விழுகிறது; வேலை முடிந்ததும் மேப்பிலிருந்து அமைப்புகளை எடுத்துக்கொள்ளலாம். தனிக் கிளாஸ் எதுவும் எழுதாமல் முடிகிற, அழகான சிக்கனம். ஆனால் க்ரூவியில் மேப்பிடம் இல்லாத பெயரைப் பண்பாகக் கேட்டால் அது மறுப்பதில்லை, ‘நல்’ எனும் வெற்று மதிப்பைத் தருகிறது. மறுப்பு வந்தால்தான் தேடல் அடுத்தவரிடம் போகும். வெற்று மதிப்பும் ஒரு பதிலாகவே கொள்ளப்படுகிறது. விளைவாக, ஓனரிடம் நிஜமாகவே இருக்கும் பண்பைக்கூட அந்த க்ளோஷருக்குள் படித்தால் வெறுமையே மிஞ்சுகிறது. ஸ்கிரிப்ட் எல்லா எழுத்தையும் விழுங்குகிறது, மேப் எல்லா வாசிப்பையும் விழுங்குகிறது. எதையும் மறுக்காத ஆப்ஜெக்டை வரிசையில் முன்னால் நிறுத்தினால் பின்னால் இருப்பவருக்கு முறை வருவதே இல்லை.

எதையும் மறுக்காத இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. க்ரூவியோடு வரும் மார்க்கப் பில்டர் இணையப் பக்கங்களையும் எக்ஸ்எம்எல் ஆவணங்களையும் எழுதித் தருகிறது. அதில் ‘டைட்டில்’ என்றோ ‘பாடி’ என்றோ மெத்தட்கள் இல்லை. எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்தப் பெயரில் ஒரு குறியை எழுதிவிடும். க்ளோஷர் உள்ளீடாக வந்தால் அதற்குத் தன்னையே டெலிகேட்டாக வைத்து இயக்கி, உள் குறிகளை எழுதிக்கொள்ளும். ஆனால் தேடலில் ஓனருக்கே முதலிடம் என்ற வழக்கத்தை அது மாற்றுவதில்லை. க்ளோஷரை எழுதியவரின் கிளாஸில் தற்செயலாக ‘டைட்டில்’ என்று ஒரு மெத்தட் இருந்து, உள்ளீடும் பொருந்திவிட்டால், குறி எழுதப்படாமல் அந்த மெத்தட் இயங்கிவிடும். இப்படி மோதும்போது ‘டெலிகேட்’ என்றே வெளிப்படையாக எழுதிப் புள்ளி வைத்து அழைத்துவிடுவது எளிய தீர்வு.

டெலிகேட் மாற்றத்தக்கது என்பதால் வரும் தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே க்ளோஷர் ஆப்ஜெக்டை இரண்டு மெத்தட்கள், அல்லது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள், வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு டெலிகேட்டை வைத்தால், கடைசியாக வைத்தவரின் சொல்லே செல்லும். முதலாமவரின் வரிகள் இரண்டாமவரின் ஆப்ஜெக்டில் போய் விழும். அதனால் நல்ல நூலகங்கள் வந்த க்ளோஷரைத் தொடுவதில்லை; பிரதி எடுத்து, பிரதியின் டெலிகேட்டை மாற்றி, பிரதியை இயக்குகின்றன. க்ரூவியின் சொந்த ‘வித்’ மெத்தடும் அப்படித்தான் செய்கிறது. ‘ரீஹைட்ரேட்’ என்ற மெத்தட், திஸ், ஓனர், டெலிகேட் மூன்றையும் புதிதாகக் கொடுத்த ஒரு பிரதியைத் தருகிறது. நிலைத்தவை என்று சொன்ன திஸ்ஸும் ஓனரும்கூட, பிரதி எடுக்கும்போது மட்டும் மாறலாம்.

இத்தனை தேடலும் நிரல் ஓடும்போதே நடப்பதால் நேரம் செலவாகிறது. ஒருவரிடம் இல்லை என்பதை அறிவதே பல சமயம் ஒரு பிழை எழும்பி, அது பிடிக்கப்பட்ட பிறகுதான் நடக்கிறது. அது மலிவான காரியம் இல்லை. அழைப்பு நிகழும் ஒவ்வோர் இடத்திலும் கடந்தமுறை கிடைத்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் உத்திகளை க்ரூவி வளர்த்துக்கொண்டது. டைனமிக் மொழிகளுக்கென்றே ஜாவா இயந்திரத்தில் சேர்க்கப்பட்ட ‘இன்வோக் டைனமிக்’ கட்டளையை 2.0 பதிப்பிலிருந்து ஆதரித்து, 2022-ல் வந்த 4.0 பதிப்பில் இயல்பான வழியாகவே ஆக்கிக்கொண்டது. தொகுப்பு விதிகள் போன்ற, சில நூறு வரிகள் ஒருமுறை ஓடி முடியும் கோப்புகளுக்கு இந்தச் செலவு பொருட்டல்ல. லட்சக்கணக்கான முறை சுழலும் கணக்கீட்டின் நடுவில் டெலிகேட்டை வைப்பது தவறான தேர்வு.

மற்ற மொழிகளும் இதே சிக்கலைத் தங்கள் வழியில் சந்தித்திருக்கின்றன. ரூபியில் ‘இன்ஸ்டன்ஸ் ஈவால்’ என்ற மெத்தட், க்ளோஷருக்கு இணையான ஒரு பிளாக்கை இயக்கும்போது, அதற்குள் திஸ்ஸுக்கு இணையான ‘செல்ஃப்’ என்பதையே மாற்றிவிடுகிறது. ரெயில்ஸ் கட்டமைப்பில் இணைய முகவரிகளை அறிவிக்கும் கோப்பு இதன் உறவினரான ‘இன்ஸ்டன்ஸ் எக்ஸெக்’ மூலம் இயங்குகிறது. ரூபியில் இரண்டு இடங்கள் இல்லை, ஒன்றுதான். புதியவர் வந்தால் பழையவர் வெளியேற வேண்டும். எழுதியவரின் உள்ளூர் வேரியபிள்கள் மட்டும் தப்பிக்கின்றன. அவருடைய ஆப்ஜெக்டின் மெத்தட்களும், ஆப்ஜெக்டுக்குள் சேமித்த இன்ஸ்டன்ஸ் வேரியபிள்களும் கைக்கு எட்டாமல் போகின்றன. இன்ஸ்டன்ஸ் வேரியபிள் இல்லாதபோது ரூபி பிழை காட்டாமல் வெற்று மதிப்பைத் தருவதால் இழப்பு உடனே தெரிவதும் இல்லை. இந்த ஒப்பீட்டில் க்ரூவியின் வடிவமைப்பே மேலானது: திஸ்ஸைத் தொடாமல் விட்டதால், எழுதியவர் தன் ஆப்ஜெக்டை எப்போதும் ‘திஸ்’ என்று எழுதி அழைக்க முடிகிறது.

லுவா மொழியின் 5.1 பதிப்பில் ஒரு ஃபங்ஷனின் உலகளாவிய பெயர்கள் முழுவதையும் வேறொரு டேபிளுக்குத் திருப்பிவிடும் வசதி இருந்தது. 2011-ல் வந்த 5.2 அதை நீக்கி, சூழலை நிரலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் ஒரு வேரியபிளாக்கியது. ஜாவாஸ்கிரிப்டில் ‘வித்’ என்ற கட்டளை ஒரு ஆப்ஜெக்டின் பண்புகளைப் புள்ளி வைக்காமலே பயன்படுத்த அனுமதித்தது. பெயர் ஆப்ஜெக்டைச் சேருமா, வெளி வேரியபிளைச் சேருமா என்று நிரலைப் படித்துச் சொல்ல முடியவில்லை. 2009-ல் வந்த தரநிலை, கண்டிப்பான முறையில் எழுதும் நிரல்களில் அந்தக் கட்டளையைத் தடை செய்தது.

படித்துச் சொல்ல முடியாமை மனிதருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. நிரல் எழுதும் எடிட்டர் அடுத்து வரக்கூடிய பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றால், கம்பைலர் தட்டச்சுப் பிழைகளை முன்பே பிடிக்க வேண்டும் என்றால், ஓடும்போது எந்த ஆப்ஜெக்ட் டெலிகேட்டாக வரப்போகிறது என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். க்ரூவி 2.1 பதிப்பு இதற்காக ‘டெலிகேட்ஸ் டு’ என்ற குறிப்பைச் சேர்த்தது. க்ளோஷரை வாங்கும் மெத்தடின் அறிவிப்பில், இந்தக் க்ளோஷரின் டெலிகேட் இந்த வகை, தேடல் வரிசை இது என்று எழுதிவிடலாம். வகைச் சோதனையை இயக்கியிருக்கும் கம்பைலர் அதைப் படித்து, பொருளுக்குள் ‘விலய்’ என்று எழுதிய தவறை நிரல் ஓடும் முன்பே சொல்லிவிடும். டெலிகேட்டை உண்மையில் வைக்கும் வேலை மெத்தடுடையதாகவே இருக்கிறது. குறிப்பில் ஒன்றைச் சொல்லி நிரலில் வேறொன்றைச் செய்தால் கம்பைலர் ஏமாறத்தான் செய்யும்.

காட்லின் மொழி இன்னும் ஒரு படி சென்றது. அங்கே ஒரு லாம்டா, அதாவது க்ளோஷர், எந்த வகை ஆப்ஜெக்டின் சார்பில் இயங்கும் என்பது அந்த லாம்டாவின் வகையிலேயே ஒரு பகுதி. பெயர் யாரைச் சேரும் என்பது தொகுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஓடும்போது தேடல் இல்லை. பொருளுக்குள் எழுதிய குறிப்பு பட்டியலுக்கு ஏறிப்போகும் கசிவு மட்டும் அங்கும் இருந்தது, ஏனென்றால் உள் ஆப்ஜெக்டில் இல்லாத பெயரை வெளி ஆப்ஜெக்டில் தேடுவது அங்கும் வழக்கம். 2017-ல் வந்த 1.1 பதிப்பு ‘டிஎஸ்எல் மார்க்கர்’ என்ற குறியைக் கொண்டுவந்தது. ஒரே சிறுமொழியைச் சேர்ந்த கிளாஸ்களின் மேல், இதைக் கொண்டு செய்த ஒரு தனிக் குறியை இட்டால், உள் அடுக்கிலிருந்து வெளி அடுக்கின் மெத்தடைப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பது கம்பைல் பிழை ஆகும். வெளி அடுக்குதான் வேண்டும் என்றால், யாருடையது என்பதை எழுதியே ஆக வேண்டும். சிறுமொழிக்கு வெளியே உள்ள உதவி மெத்தட்கள் தடையின்றி எட்டும். எல்லாக் கதவையும் சாத்தும் க்ரூவியின் ‘டெலிகேட் மட்டும்’ முறைக்கும், எல்லாவற்றையும் திறந்துவிடும் வழக்கமான முறைக்கும் நடுவே இல்லாதிருந்த இடம் இது.

கிரேடில் 2018 நவம்பரில் வெளியிட்ட 5.0 பதிப்பில் காட்லினில் கோப்பு எழுதும் வழியை முழு நிலைக்குக் கொண்டுவந்தது. 2023-ல் புதிய திட்டங்களுக்கு அதையே இயல்பான தேர்வாக்கியது. க்ரூவியில் எழுதிய கோப்புகளும் தொடர்ந்து ஏற்கப்படுகின்றன. ஜென்கின்ஸின் பைப்லைன் கோப்புகள் இன்றும் க்ரூவிதான். அவற்றில் புரியாத ஓர் அழைப்பைக் கண்டால் தேட வேண்டிய வரிசையும் அதேதான்: உள்ளூர் வேரியபிள், க்ளோஷரின் சொந்த மெத்தட், பிறகு அதை வாங்கிக்கொண்ட மெத்தடைத் திறந்து, டெலிகேட்டாக எது வைக்கப்படுகிறது, முதலிடம் யாருக்குத் தரப்படுகிறது என்ற இரண்டு வரிகள்.